சொத்தைக்கு ஆடி மாதம் கிடையாது

சிதம்பரத்தில் ஒரு திருமண மண்டபத்தில், ஆனி மாதக் கடைசியில் நடந்த காதணி விழாவில், குழந்தைகள் பல் மருத்துவர் பிரிசில்லா ஆற்றிய வாழ்த்துரை

விழாத் தலைமையை விருப்போடு ஏற்று, வேட்டி மடிப்புக் கலையாமல் வீற்றிருக்கும் குறிஞ்சிப்பாடிப் பெரியவர், இந்தக் குடும்பத்தின் மூத்தவர், மதிப்பிற்குரிய ராஜமாணிக்கம் ஐயா அவர்களே! முன்வரிசை முழுவதையும் முல்லைப்பூ மணக்க நிறைத்து, மடியில் மழலைகளை ஏந்தி அமர்ந்திருக்கும் மாண்புமிகு தாய்மார்களே! தாய்மார்களுக்குப் பின்னே தள்ளி அமர்ந்து, பந்தி போட்டாயிற்றா என்று படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருக்கும் பாசமிகு தந்தைமார்களே! சிங்கப்பூரிலிருந்து சீர் சுமந்து வந்திருக்கும் தாய்மாமன் சிலம்பரசன் அவர்களே! ஒன்றரை வயதில் ஊரையே கூட்டி உட்கார வைத்திருக்கும் விழா நாயகன் செந்தமிழ்செல்வனே! அவனைப் பெற்ற இளவரசியே, அருண்பாண்டியனே! எல்லோருக்கும் பின்னால், அதோ அந்தத் தூணோரம், உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கும் ஐந்து வயது அக்காவே, என் கண்ணே சுவேதாவே! உங்கள் அனைவருக்கும் இந்தப் பிரிசில்லாவின் பணிவான வணக்கம்.

வாழ்த்துரை என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறீர்கள். ஐந்து நிமிடம் போதும் என்று ஐயா என் காதில் சொன்னார். அண்ணாமலை நகரில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்து, குழந்தைகளின் பல்லை மட்டுமே பார்த்துக் காலம் தள்ளுகிறவள் நான். கல்லூரி நாட்களில் பேச்சுப் போட்டியில் நாலு கோப்பை வாங்கியவள் என்ற ஒரே காரணத்துக்காக, இந்தப் பக்கம் எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் என்னை மேடையேற்றிவிடுகிறார்கள். ஏறியிருக்கிறேன், வாழ்த்தியிருக்கிறேன், பாயசம் குடித்துவிட்டுப் போயிருக்கிறேன். இன்று வாழ்த்தத்தான் வந்தேன். வாயில் வாழ்த்து வரவில்லை ஐயா. ஏன் என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன். பிறகு நீங்கள் சாப்பிடலாம், சிரிக்கலாம், இந்த அம்மாவை யாரடா கூப்பிட்டது என்று திட்டலாம்.

வரும்போது வாசலில் பேனரைப் பார்த்தீர்களா? பார்க்காமல் எப்படி உள்ளே வந்திருப்பீர்கள், பாதி ரோட்டை அல்லவா அடைத்துக்கொண்டு நிற்கிறது! தலையிலே தலைப்பாகை, இடுப்பிலே வாள், இருபுறமும் இரண்டு சிங்கம், நடுவிலே நம் செந்தமிழ்செல்வன் சிரிக்கிறான். என்ன சிரிப்பு! எத்தனை வெள்ளைப் பல்! அந்தப் பல்லைப் பார்த்துத்தான் நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். ஏனென்றால் அது இந்தக் குழந்தையின் பல் அல்ல. ஸ்டுடியோவில் கம்ப்யூட்டரை வைத்து வரைந்த பல்.

சற்று முன் மணமகள் அறையில் செல்வனை மடியில் கிடத்தி, மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தேன். முன்பற்கள் நான்கிலும், ஈறை ஒட்டி, சுண்ணாம்பு தொட்டு இழுத்ததுபோல் ஒரு வெள்ளைக் கோடு. ஒரு பல்லின் ஓரம் பழுப்பேறத் தொடங்கியிருக்கிறது. சொத்தை என்றால் கறுப்பு என்றுதானே நினைக்கிறோம்? இல்லை தாய்மார்களே, இல்லை. சொத்தை வெள்ளையாகத்தான் பிறக்கிறது. வெள்ளையாய் இருக்கும்போதே பிடித்துவிட்டால் ஊசி வேண்டாம், கத்தி வேண்டாம், கண்ணீர் வேண்டாம். பல்லில் ஒரு மருந்தைப் பூசலாம். படுக்கையில் கொடுக்கும் பால் பாட்டிலை நிறுத்தலாம். பெற்றவர்கள் தங்கள் கையாலேயே தினமும் தேய்த்துவிடலாம். பெரும்பாலும் அது அங்கேயே நின்றுவிடும். இதை இளவரசியிடம் சொன்னேன். சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டே அவள் எனக்கு என்ன பதில் சொன்னாள் தெரியுமா?

“ஆடி பொறக்கப் போவுது டாக்டர். ஆடியில புதுசா எதுவும் ஆரம்பிக்க வேணாம்னு வூட்டுல சொல்றாங்க. ஆடி கழிச்சி ஆவணியில வந்துடறோம்.”

ஆவணியில்! இதே சொல்லை, இதே குடும்பத்திலிருந்து, இதற்கு முன்பும் கேட்டவள் நான். அந்தக் கதையை நான் சொல்லட்டுமா இளவரசி? உன் சம்மதம் இல்லாமல் சொல்ல மாட்டேன். தலையாட்டிவிட்டாள். அருண்பாண்டியன் தலையைக் குனிந்துகொண்டார். சரி, சொல்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு பங்குனி வெயிலில், இளவரசி என் கிளினிக்குக்கு வந்தாள். இடுப்பில் மூன்று வயதுச் சுவேதா. பல்லைக் காட்ட வரவில்லை. குழந்தைகள் மருத்துவர் ஒருவர், பல் டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பியிருந்தார். அது ஏன் என்று அவளுக்கே புரியவில்லை.

“சோறு துன்ன மாட்டேங்குது டாக்டர். ஒரே அடம். அடிச்சாலும் முழுங்காது. கன்னத்துல அடக்கி வெச்சிக்கினு அப்படியே ஒக்காந்துருக்கும். வவுறு காயுதேன்னு ராத்திரிக்கு சக்கரை போட்டு பாட்டில்ல பாலு குடுத்துப் படுக்க வெச்சிடுவேன். அத்த சப்பிக்கினே தூங்கிடும்.”

வாயைத் திறந்து பார்த்தேன். முன்னால் நான்கு பல்லும் பழுப்பாகி, பாதி உடைந்து, ஈறோடு ஈறாகக் கிடக்கின்றன. பின்னால் கடைவாயில் குழிகள். ஒரு குழிக்குள் காலையில் தின்ற பிஸ்கட் இன்னும் இருக்கிறது. அடமா அது? தாய்மார்களே, அடமா அது? மெல்ல முடியாத குழந்தை எதை வைத்து மெல்லும்? வலிக்கிறது என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். வலி இல்லாத வாய் எப்படி இருக்கும் என்று தெரிந்தால் அல்லவா வலிக்கிறது என்று சொல்லத் தோன்றும்? சோறு என்றால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று அந்தக் குழந்தை நினைத்துக்கொண்டிருந்தது.

பசித்தது, பால் வந்தது. பாலோடு சர்க்கரை வந்தது. சர்க்கரையால் சொத்தை வந்தது. சொத்தையால் வலி வந்தது. வலி வந்ததும் சோறு நின்றது. சோறு நின்றதும், ஐயோ பிள்ளை பட்டினி என்று, மறுபடியும் பால் வந்தது! அன்பால் வந்த கேடு ஐயா இது. வெறுப்பால் வந்திருந்தால் நான் கோபப்பட்டுவிட்டுப் போயிருப்பேன். அன்பால் வந்ததை என்ன சொல்லித் திட்டுவது?

என்ன, பின்னாலிருந்து குரல் வருகிறது? சொல்லுங்கள், உத்திராபதி அண்ணன்தானே? “பால் பல்லு தானங்க மேடம், தானா வுழுந்து மொளைக்கும்!” என்கிறார். எல்லோரும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நான் கிளினிக் திறந்த நாளிலிருந்து இந்த வாசகத்தைக் கேட்கிறேன். விழும் அண்ணே. எப்போது விழும்? முன்பல் ஆறேழு வயதில் விழும். கடைவாய்ப்பல் விழப் பத்து, பன்னிரண்டு வயதாகும். அதுவரை உங்கள் பிள்ளை எதை வைத்துச் சாப்பிடும்? அந்தப் பால் பல்லுக்கு அடியில், எலும்புக்குள்ளே, நாளைக்கு வரவேண்டிய பல் உருவாகிக்கொண்டிருக்கிறது. மேலே சீழ் பிடித்தால் கீழே இருக்கிற பல்லும் பழுதாகி முளைக்கலாம். விழப்போகிற பல்தானே என்று விட்டீர்கள் என்றால், முளைக்கப்போகிற பல்லையும் சேர்த்து விட்டுவிடுகிறீர்கள்.

கதைக்கு வருகிறேன். முன்பற்கள் நான்கையும் எடுத்தாக வேண்டும், கடைவாய்ப்பற்களைக் காப்பாற்றிவிடலாம், இந்த வாரமே வந்துவிடுங்கள் என்றேன். மறுநாள் அருண்பாண்டியன் வந்தார். மஞ்சக்குப்பத்தில் வண்டி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறவர், மகள் மேல் உயிரையே வைத்திருக்கிறவர். கைகட்டி நின்று சொன்னார்.

“மேடம், சித்திரையில பாப்பாவுக்குக் காதுகுத்து வெச்சிருக்கோம். இப்ப பல்ல புடுங்கிட்டா போட்டோல பொக்க வாயா தெரியும். காலத்துக்கும் ஆல்பத்துல நிக்கும் மேடம். விசேஷம் முடிஞ்ச மறுநாளே கூட்டியாந்துடறேன்.”

போட்டோவுக்காக! ஒரு படத்தில் பல் தெரிய வேண்டும் என்பதற்காக, அழுகிய பல்லை வாயில் விட்டுவைத்தார்கள்! உலகத்தில் வேறு யாராவது இப்படிச் செய்வார்களா என்று எனக்குத் தெரியாது. நாம் செய்வோம். காதில் தோடு ஏறுகிற நாளில் வாயில் குறை தெரியக் கூடாது நமக்கு.

சித்திரை வந்தது. சிலம்பரசனுக்குச் சிங்கப்பூரில் லீவு கிடைக்கவில்லை. மாமன் மடி இல்லாமல் காதுகுத்து உண்டா? தள்ளிப்போட்டார்கள். வைகாசி வந்தது. முகூர்த்தம் மொத்தமும் கல்யாணங்களுக்குப் போய்விட்டது, மண்டபம் இல்லை. தள்ளிப்போட்டார்கள். ஆனி வந்தது. பங்காளி வீட்டில் ஒரு சாவு, தீட்டு. தள்ளிப்போட்டார்கள். ஆடி வந்தது. ஆடியில் நல்ல காரியம் செய்வோமா? ஆவணிக்குத் தள்ளிப்போட்டார்கள். ஒவ்வொரு மாதமும் நான் போன் போட்டேன். ஒவ்வொரு மாதமும், “விசேஷம் முடியட்டும் மேடம்” என்றார் அருண்பாண்டியன்.

நாம் சித்திரைக்குக் காத்திருந்தோம், சொத்தை காத்திருந்ததா? நாம் மண்டபத்துக்குக் காத்திருந்தோம், சொத்தை காத்திருந்ததா? தீட்டு என்றால் சொத்தை வாசலில் நின்றுவிடுமா? சொத்தைக்கு ஆடி மாதம் கிடையாது ஐயா! அதற்கு அமாவாசை இல்லை, அஷ்டமி இல்லை, ராகு காலம் இல்லை. பல்லில் சர்க்கரை பட்ட ஒவ்வொரு தடவையும் அதற்கு நல்ல நேரம்தான்.

ஆவணியில் மஞ்சக்குப்பத்தில் விழா நடந்தது. எனக்கும் அழைப்பு வந்தது, போனேன். வாசலில் பேனர். ரோஜாப்பூ நடுவில் சுவேதா சிரிக்கிறாள், முத்துப் பல் தெரியச் சிரிக்கிறாள். பட்டுப்பாவாடையோடு என் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பேனரை அண்ணாந்து பார்த்தாள் என் சுவேதா.

“ஆன்ட்டி, அது யாரு?”

“நீதாம்மா.”

அவள் நம்பவில்லை. ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “அந்தப் பாப்பாவுக்கு மட்டும் பல்லு வலிக்கலையா?”

நான் அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

அன்று அவளுடைய வலது கன்னம் வீங்கியிருந்தது. ஸ்டுடியோக்காரர் அதற்கும் வழி வைத்திருந்தார். “லெஃப்ட் சைடா திருப்பி ஒக்கார வெச்சி எடுத்துக்கலாம் சார். மிச்சத்த டிசைன்ல பாத்துக்கலாம்.” திருப்பி உட்கார வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்தார். பிள்ளை அழக் கூடாதே என்று, நம் வழக்கப்படி, மாமன் தன் மடியில் இருந்த குழந்தையின் வாயில் இனிப்பைத் திணித்தார். சிங்கப்பூர் மிட்டாய், கடித்தால் பல்லோடு ஒட்டிக்கொள்கிற ஜவ்வு மிட்டாய். குழந்தை ஒரு கத்து கத்தியது பாருங்கள்! காதுக்குத்தான் அழுகிறது என்று நினைத்தீர்கள். மேளத்தை இன்னும் ஓங்கி அடிக்கச் சொன்னீர்கள். ஊசி அப்போது காதைத் தொடவே இல்லை. மிட்டாய் கடைவாய்க் குழிக்குள் இறங்கியிருந்தது. அதை எடுங்கள், எடுங்கள் என்று நான் கத்தினேன். கெட்டிமேளத்தில் யாருக்குக் கேட்கும்?

அன்று மாலையே காய்ச்சல். விடிந்தபோது ஒரு கண் வீக்கத்தில் மூடிவிட்டது. புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வீக்கம் கழுத்துக்கு இறங்கினால் மூச்சு அடைத்துவிடும் என்று சொன்னார்கள். மூன்று வயதுக் குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்து, முன்னால் நான்கு, பின்னால் நான்கு, எட்டுப் பல்லையும் எடுத்தார்கள். கடைவாய்ப்பல் நான்கும் பங்குனியில் காப்பாற்றியிருக்கக்கூடிய பற்கள்! வராந்தாவில் அருண்பாண்டியன் நின்றுகொண்டிருந்தார். ஸ்டுடியோக்காரர் அனுப்பிய விழாப் படங்கள் ஒவ்வொன்றாக அவர் போனில் வந்து விழுந்துகொண்டிருந்தன. எல்லாப் படத்திலும் பல் வெள்ளை. எல்லாப் படத்திலும் கன்னம் ஒழுங்கு. அந்த மனிதர் போனைப் பார்த்துப் பார்த்துச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். “நான் கேட்ட மாதிரியே வந்துருக்கு மேடம், நான் கேட்ட மாதிரியே வந்துருக்கு” என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

உயிர் பிழைத்துவிட்டாள், அவ்வளவுதானே என்கிறீர்களா? பிழைத்தாள். பள்ளிக்கூடம் போனாள். முன்பல் இல்லாததால் அவள் பெயரின் முதல் எழுத்தே அவள் வாயில் சரியாக வரவில்லை. பெயரைச் சொல்லு, பெயரைச் சொல்லு என்று வகுப்பில் சுற்றி நின்று சிரித்தார்கள். அன்றிலிருந்து அவள் யாரிடமும் பெயரைச் சொல்வதில்லை. கேட்டால் கழுத்தில் தொங்கும் அட்டையைத் தூக்கிக் காட்டுவாள். இன்று விழா அல்லவா, அட்டை இல்லை. வாசலில் உங்கள் உறவுக்காரப் பெண்மணி ஒருவர், பாப்பா உன் பேரு இன்னா என்று கேட்டார். சுவேதாவின் ஒரு கை வாயைப் பொத்தியிருந்தது. மறு கையால் பேனரின் கீழ்க்கோடியைக் காட்டினாள். ‘அன்புடன் வரவேற்கும் அக்கா சுவேதா’ என்று அங்கே அச்சடித்திருக்கிறது. அங்கேதான் நான் கொண்டுவந்த வாழ்த்தைத் தொலைத்தேன்.

யார் அது, சீட்டு அனுப்பியிருப்பது? ஐயா படித்துவிட்டு என்னிடம் தருகிறார். ‘இலை போட்டாச்சு.’ நல்லது. சாம்பார் சூடாகவே இருக்கட்டும், இன்னும் கொஞ்ச நேரம்தான்.

தாய்மார்களை மட்டும் குறை சொல்கிறேன் என்று தந்தைமார்கள் நிம்மதியாக உட்கார்ந்திருக்க வேண்டாம். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது, பிள்ளை ஓடி வருமே என்று சட்டைப்பையில் என்ன வைத்துக்கொண்டு போகிறீர்கள்? வேப்பங்குச்சியில்தான் தேய்த்தோம், எங்களுக்கு என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கிற பெரியவர்களே, உங்களுக்குப் படுக்கையில் சர்க்கரைப் பால் பாட்டில் தந்தார்களா? தெருவுக்குத் தெரு பெட்டிக்கடையில் சரம் சரமாகப் பாக்கெட் தொங்கியதா? இருமலுக்குத் தருகிற சிரப்பில்கூடச் சர்க்கரை இருக்கிறது. அதைப் படுக்கப் போகும்போது கொடுத்து, வாயைத் துடைக்காமல் தூங்க வைக்கிறோம். தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைந்துவிடும். அந்த இனிப்பு இரவெல்லாம் பல்லிலேயே தங்கியிருக்கும்.

நான் கேட்பது மலையையா? முதல் பல் எட்டிப் பார்த்த அன்றே தேய்க்கத் தொடங்குங்கள் என்கிறேன். பேஸ்ட் ஒரு அரிசி அளவு போதும் என்கிறேன், டிவியில் காட்டுவதுபோல் பிரஷ் நீளத்துக்குப் பிதுக்க வேண்டாம் என்கிறேன். பிள்ளை கையில் பிரஷ்ஷைக் கொடுத்துவிட்டு நகராதீர்கள், ஏழெட்டு வயதுவரை நீங்களே தேய்த்துவிடுங்கள் என்கிறேன். படுக்கையில் பாட்டில் வேண்டாம், தாகம் என்றால் தண்ணீர் கொடுங்கள் என்கிறேன். ஒரு வயது முடிவதற்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டுங்கள் என்கிறேன். மாதத்தில் ஒரு நாளாவது உதட்டைத் தூக்கிப் பாருங்கள் என்கிறேன். உதட்டைத் தூக்கிப் பார்க்க என்ன செலவாகும்?

இதையெல்லாம் எத்தனை மேடையில் சொல்லியிருப்பேன்! குறிஞ்சிப்பாடியில் முகாம் போட்டேன். கடலூரில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்கினேன். ஆமாம் டாக்டர், ஆமாம் டாக்டர் என்று தலையாட்டினார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் வந்திருந்த பிள்ளைகளுக்கெல்லாம் ஆளுக்கொரு சாக்லேட் கொடுத்து அனுப்பினார்கள்! சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கும் மாலையைப் போட்டுக் கையில் ஒரு சாக்லேட்டைத் திணித்தார்கள். நான் ஆட்டோவில் உட்கார்ந்து அழுதேன். தினமும் ஒரு வாயைத் திறக்கிறேன், தினமும் அதே பழுப்பு, தினமும் அதே குழி. தோற்றுக்கொண்டிருக்கிறேன் ஐயா. பால் பாட்டிலிடம் தோற்கிறேன், பேனரிடம் தோற்கிறேன், பஞ்சாங்கத்திடம் தோற்கிறேன். எல்லாவற்றையும்விட உங்கள் பாசத்திடம்தான் அதிகம் தோற்கிறேன். நாளைக்கு எல்லாம் மாறிவிடும் என்று இந்த மேடையில் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும், இந்த இளவரசி பங்குனி வெயிலில் வந்தவள். ஆஸ்பத்திரி வராந்தாவில் மயங்கி விழுந்தவள். இனி என் பிள்ளைக்கு இந்தக் கதி வராது டாக்டர் என்று என் கையில் அடித்துச் சத்தியம் செய்தவள். அவளே இன்று, ஆடி கழித்து வருகிறேன் என்கிறாள் என்றால், மற்றவர்களிடம் போய் நான் எதைப் பேசுவது?

இதோ, ஆசாரி வந்துவிட்டார். செல்வனைத் தூக்கி மாமன் மடியில் உட்கார வைத்துவிட்டார்கள். சிலம்பரசன், உங்கள் வலது கை ஏன் மூடியிருக்கிறது? நான் கேட்பது உங்களைத்தான். மைக்கில் கேட்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். கைக்குள் என்ன வைத்திருக்கிறீர்கள்?

“புள்ள அழுவுமே மேடம்!” என்கிறார்.

அழட்டும் சிலம்பரசன்! காதுக்கு அழும் அழுகை, நீங்கள் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தால் நின்றுவிடும். பல்லுக்கு அழுத அழுகையைத் தட்டி நிறுத்த முடிந்ததா உங்களால்? நீங்கள் கெட்டவர் இல்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் பெட்டி நிறைய அன்பைக் கொண்டுவருகிறவர். அந்த அன்பை வேறு ஏதாவது வடிவத்தில் கொண்டுவரக் கூடாதா? ஒரு கிலுகிலுப்பை போதாதா? உங்கள் மடி போதாதா?

கையைத் திறக்க மாட்டேன் என்கிறார். சிரித்துக்கொண்டே இன்னும் இறுக்கி மூடுகிறார். நீங்களும் சிரிக்கிறீர்கள். சரி. நான் முடித்துக்கொள்கிறேன்.

இருங்கள். கொஞ்சம் இருங்கள். சுவேதா வருகிறாள். தூணை விட்டு வருகிறாள். வழி விடுங்கள் அம்மா, அவள் வரட்டும். மேடைப் படியில் ஏறுகிறாள். மாமன் முன்னால் நிற்கிறாள். அந்த மூடிய கையைப் பிடித்து, விரல் விரலாகப் பிரிக்கிறாள். ஒரு கையால் முடியவில்லை. ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒரு கை போதுமா? வாயை மூடியிருந்த கையையும் எடுத்துவிட்டாள். பாருங்கள், எல்லோரும் பாருங்கள். பேனரில் பார்க்க முடியாததை இங்கே பாருங்கள். இரண்டு ஆண்டாக அவள் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த வாய் அது.

என்ன சொல்கிறாள்? மைக்கை அவளிடம் கொடுங்கள்.

“தம்பிக்கு வேணாம் மாமா. வலிக்கும்.”

கேட்டீர்களா? சிலம்பரசன் கண்ணைத் துடைக்கிறார். மிட்டாய் கீழே விழுந்து கிடக்கிறது.

இதைப் பார்த்து நான் மகிழ வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். என்னால் முடியவில்லை. இத்தனை பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் சபையில், ஒரு ஒன்றரை வயதுக் குழந்தையைக் காப்பாற்ற ஒரு ஐந்து வயதுக் குழந்தை படியேறி வரவேண்டியதாகிவிட்டதே ஐயா! படிக்காதவர்களா நாம்? பாசமில்லாதவர்களா? இன்று ஒரு கை திறந்தது. நாளை காலை ஒரு பாட்டில் கழுவிக் கவிழ்க்கப்படுமா, மறுபடியும் நிரப்பப்படுமா, எனக்குத் தெரியாது.

ஒன்று மட்டும் தெரியும். என் பையில் அந்தப் பூச்சு மருந்து இருக்கிறது. நல்ல நேரம் முடிய இன்னும் நேரம் இருக்கிறது. காது குத்தும் முன், அந்தக் குழந்தையை ஒரே ஒரு நிமிடம் என் மடிக்கு மாற்றுங்கள். மீதியைப் பிறகு கிளினிக்கில் பார்த்துக்கொள்ளலாம், ஆடி முழுவதும் திறந்துதான் இருக்கும். மாட்டேன் என்றால் ஆவணியில் வாருங்கள். அப்போதும் கதவைத் திறப்பேன், திட்ட மாட்டேன். ஆனால் அன்று என் கையில் இருக்கப்போவது இந்த மருந்தல்ல, பல்லைப் பிடுங்குகிற குறடு.

பேச இடம் கொடுத்து, நடுவில் மணியடிக்காமல் பொறுத்த ராஜமாணிக்கம் ஐயாவுக்கும், குறுக்கே கேட்ட உத்திராபதி அண்ணனுக்கும், இலை போட்டும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்த உங்களுக்கும், என்னைவிட நன்றாகப் பேசிவிட்ட சுவேதாவுக்கும் என் நன்றி. மேடையோரம் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பேன், இளவரசி. என் மடி காலியாக இருக்கிறது. வணக்கம்.